நொடிக்கு மூன்று ஆட்டம்

நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளுக்கு நடுவே, எல்ஸ்வொர்த் தாண்டி ஐந்தாறு மைல் தூரத்தில், டெல்மர் ஹோஃபர் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். நிற்க முடியவில்லை. வயது அறுபத்து நான்கு. அதில் நாற்பது வருஷம் இரண்டு சக்கரத்தில் ஊர் சுற்றியவர். வண்டி அவருக்கு இப்படி ஒரு பயத்தைக் காட்டியது இதுதான் முதல் தடவை.

எழுபது மைல் வேகம் வரைக்கும் வண்டி தொட்டில் மாதிரி போயிற்று. எழுபத்திரண்டைத் தொட்டதும் பின்பக்கம் லேசாக அசைந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினார். உடனே அந்த நானூறு கிலோ ஆறு சிலிண்டர் வண்டி, பின்னால் யாரோ பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாக இழுப்பதுபோல் அலைய ஆரம்பித்தது. எதிரே மாடு ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது என்று கைக்குத் தெரிந்திருந்தது. முறுக்கை மட்டும் மெல்ல விட்டார். ஆட்டம் ஒரு கணம் கூடி, அப்புறம் குறைந்து, அறுபதுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிட்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

டெல்மர் புல்லில் உட்கார்ந்தபடி பின்சக்கரத்தைப் பார்த்தார். அதில் மாட்டியிருந்தது கார் டயர்.

வேண்டுமென்றேதான் மாட்டியிருந்தார். நெடுந்தூரம் ஓட்டுகிற பெரிய வண்டிக்காரர்களில் ஒரு கூட்டம் உண்டு. பின்சக்கரத்துக்குப் பைக் டயரை விட்டுவிட்டுக் கார் டயரைப் போட்டுக்கொள்வார்கள். பைக் டயர் பத்தாயிரம் மைலில் மொட்டையாகிவிடும். கார் டயர் அதைப்போல நாலு மடங்கு ஓடும். மற்ற வண்டிக்காரர்கள் இவர்களை "இருட்டுப் பக்கம் போனவங்க" என்பார்கள். இவர்களும் அந்தப் பெயரைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிவார்கள். வருஷா வருஷம் ஜூன் மாதம் கொலராடோ மலையில் கூடுவார்கள். டெல்மர் இரண்டு வருஷம் படித்து, விசாரித்து, காபிக்கடையில் எல்லோரிடமும் சண்டை பிடித்து, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்தப் பக்கம் போயிருந்தார். ஊரில் டயர்க் கடைக்காரன் மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தன் கொட்டகையிலேயே ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டித் தானே மாட்டினார். இதுதான் அவர் போகும் முதல் கூட்டம். சவுத் டகோட்டா ஃப்ரீமனிலிருந்து கிளம்பும்போது காபிக்கடையில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து கைகாட்டினார்கள். "திரும்பி லாரியில வருவே!" என்று ஒருவர் கத்தினார்.

இப்போது திரும்பினால் லாரியில்தான் திரும்ப வேண்டும்.

அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வீடு, நாற்பது மைல் தள்ளி அலையன்ஸ் ஊரில் இருந்தது. அது கார்லீனின் வீடு. இருபத்திரண்டு வருஷம் அவர் மனைவியாக இருந்தவள். பதினொரு வருஷமாக, ரயில்வேயில் வேலை பார்த்த ஓரின் குசேராவின் மனைவி. ஓரினை டெல்மர் மூன்றே தடவைதான் பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் அந்த ஆள் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே தவிர, பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. "கார்லீன் என்னை விட்டுட்டு ஒரு வேலிக்கம்பத்தைக் கட்டிக்கிட்டா. கம்பமாவது காத்தடிச்சா சத்தம் போடும்" என்று டெல்மர் காபிக்கடையில் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். பதினொரு வருஷமாக அந்த ஒரு வேடிக்கை செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் யோசித்துவிட்டு ஃபோன் பண்ணினார்.

"எங்க இருக்கே?" என்றாள் கார்லீன். இடத்தைச் சொன்னார்.

"அடி பட்டுதா?"

"இல்ல."

"அங்கயே இரு. ஓரின் வருவாரு."

"அவரை எதுக்குத் தொந்தரவு..."

"டெல்மர், உனக்கு வேற யாரு இருக்கா அங்க? மாடா?"

ஒரு மணி நேரத்தில், பின்னால் டிரெய்லர் கட்டிய பிக்கப் வந்து நின்றது. ஓரின் இறங்கினார். ஒல்லியான ஆள், காது மட்டும் பெரிது. தலையசைத்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பின்சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். டெல்மருக்கு எரிச்சல் ஏறியது.

"சொல்லிடுங்க ரயில்காரரே. கார் டயரை எவனாவது பைக்ல மாட்டுவானான்னு கேளுங்க. கேக்கத்தானே வந்தீங்க?"

"எந்த வேகத்துல ஆரம்பிச்சுது?" என்றார் ஓரின்.

"என்னது?"

"ஆட்டம். எந்த வேகத்துல?"

"எழுபத்திரண்டு."

"எந்த வேகத்துல நின்னுது?"

"அறுபது... அறுபத்தொண்ணு."

ஓரின் அதை மனசுக்குள் எங்கோ வைத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினார். "டயரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஏத்துவோமா?"

போகும் வழியெல்லாம் சாலைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். நிலக்கரி ரயில் ஒன்று எதிர்த்திசையில் போயிற்று. ஓரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓட்டிக்கொண்டே கடைசிப் பெட்டி கடக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் அதுதான் அவர் வேலை. தண்டவாளத்தோரம் நின்று, கடந்து போகிற வேகன்களின் சக்கரத்தைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும், எது சரியில்லை என்று சொல்வது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. காதுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது என்று டெல்மர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கார்லீன் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும், அதில் தோய்த்துச் சாப்பிட இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளும் வைத்தாள். டெல்மர் இரண்டு சுருள் தின்றார்.

"நாளைக்கு அந்த டயரைக் கழட்டிப் போடு. ஸ்காட்ஸ்பிளஃப்ல கடை இருக்கு, ஒழுங்கான டயர் கிடைக்கும்" என்றாள் கார்லீன்.

"டயர் மேல தப்பில்ல."

"தப்பில்லாம ஏன் ஆடுச்சு?"

ஓரின் சுருளைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "டயராவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். காலையில கேட்டுப் பாப்போம்."

"யாரைக் கேப்பீங்க?"

"வண்டியைத்தான்."

காலையில் கராஜில் ஓரின் முதலில் செய்த காரியம், ஒரு சாக்பீஸை எடுத்துச் சிமெண்ட் தரையில் எழுதினது. டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. எங்காவது உரசுகிறதா. காற்று. சுமை. ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்கான முன்பக்கக் கோன்செட். சக்கர பேரிங். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக.

"இதெல்லாம் நான் பாத்தாச்சு" என்றார் டெல்மர்.

"சரி. நான் பாக்கலையே."

டயர் ரிம்மோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு உண்டு. சுற்றிலும் அது ஒரே அளவில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரின் சின்ன ஸ்கேலை வைத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்தார். அடுத்த பக்கமும் பன்னிரண்டு. மயிரிழை வித்தியாசம் இல்லை.

"நல்லா மாட்டியிருக்கீங்க" என்றார். யாரும் அதுவரை சொல்லாத வார்த்தை.

பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற இரும்புக் கைக்கு ஸ்விங் ஆர்ம் என்று பெயர். டயர் அகலமானதால், வேகத்தில் உப்பி அந்தக் கையின் உட்புறத்தில் உரசலாம். ஓரின் அங்கே சாக்பீஸால் பட்டையாகப் பூசினார். "போய் ஓட்டிட்டு வாங்க. எழுபத்திரண்டு தொட்டதும் விட்டுடுங்க. வீரம் வேணாம்."

பிரிட்ஜ்போர்ட் போகும் சாலையில் எட்டு மைல் போய்த் திரும்பினார். எழுபத்திரண்டில் அதே ஆட்டம். சாக்பீஸ் பூச்சு அப்படியே இருந்தது, உரசல் இல்லை. ஓரின் தரையில் இரண்டாவது வரியை அடித்தார்.

அடுத்தது காற்று. டெல்மர் பைக் டயருக்கு வைக்கிற கணக்கிலேயே நாற்பத்தொன்று வைத்திருந்தார். முப்பத்து நாலுக்குக் குறைத்தார்கள். இந்தத் தடவை ஆட்டம் எழுபத்தாறில்தான் ஆரம்பித்தது. டெல்மர் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பிடிச்சாச்சு! இன்னும் இறக்குவோம். இருபத்தெட்டு வச்சா எண்பது வரைக்கும் போகும். பெட்டிச் சாமானையும் இறக்கிடுவோம், அப்படியே கோன்செட்டையும் ஒரு சுத்து டைட் பண்ணிடுவோம், எல்லாம் ஒரேயடியா..."

"வேணாம்."

"ஏன்?"

"மூணையும் ஒண்ணா மாத்தி வண்டி சரியாப் போச்சுன்னா, எது சரி பண்ணுச்சுன்னு யாரைக் கேப்பீங்க? சரியாப் போகலேன்னா இன்னும் மோசம்." ஓரின் காற்றழுத்தம் பார்க்கும் கருவியைத் துணியில் துடைத்து அதன் டப்பாவுக்குள் வைத்தார். "நாலு மைல் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான். வியாதி போகல. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கு."

பெட்டிகளைக் காலி செய்து ஒரு ஓட்டம். மாற்றம் இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கோன்செட்டைப் பார்த்தார்கள். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வெண்ணெயாய்த் திரும்பியது. சக்கர பேரிங்கில் குறையில்லை. பதினொரு மணிக்குத் தரையில் எழுதியது எல்லாம் அடிபட்டுப் போய், டெல்மரின் நெஞ்சும் அடிபட்டுப் போயிற்று. அப்போ டயர்தான். ஊர் சொன்னது நிஜம்தான். டயரைக் கழற்றி, டிரெய்லரில் போட்டு...

"நானும் வரேன்" என்றார் ஓரின்.

"எங்க?"

"பின்னாடி உக்காந்து. நீங்க சொல்றதை வச்சுப் பாத்தது போதும். அந்த ஆட்டத்தை நானே தொட்டுப் பாக்கணும்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? ஒருத்தன் விழுந்தா போதாதா?"

"எழுபத்தாறு வரைக்கும்தான். அப்புறம் நீங்க விட்டுடுவீங்க. காலையிலேருந்து மூணு தடவை விட்டீங்களே."

கார்லீன் வாசலில் வந்து நின்றாள். ஓரின் பழைய ஹெல்மெட் ஒன்றை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, வார் எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் தாடையின் கீழ் தடவிக்கொண்டிருந்தார். அவள் போய்க் கட்டிவிட்டாள்.

"ரெண்டு புருஷனும் ஒரே வண்டியில போறீங்க" என்றாள். "விழுந்து தொலைச்சீங்கன்னா நான் யாருக்குன்னு அழுவேன்? ஒழுங்கா ரெண்டு பேரும் வந்து சேருங்க."

"அழுதா எனக்கு முதல்ல அழு. நான்தான் சீனியர்" என்றார் டெல்மர்.

"உனக்கு அழுது முடிச்சாச்சு, கிளம்பு."

சாலை நேராக, காலியாக இருந்தது. அறுபது, அறுபத்தைந்து, எழுபது. முதுகுக்குப் பின்னால் ஓரின் இருக்கிறாரா என்றே தெரியாதபடி அசையாமல் இருந்தார். எழுபத்தைந்து. எழுபத்தாறு. ஆட்டம் வந்தது. இரண்டு பேர் எடையில் அது முன்னைவிடக் கனமாக, நிதானமாக, இன்னும் கொடூரமாக வந்தது. டெல்மர் முறுக்கை விடப் போனார். அப்போது வலது தோளில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. இன்னொன்று. வண்டி ஒவ்வொரு தடவை வலதுபக்கம் சாயும்போதும் தோளில் விரல் விழுந்தது. டக், டக், டக். அந்த ஆள் எண்ணுகிறார்! டெல்மருக்கு அந்த நேரத்திலும் ஆச்சரியம் தாங்கவில்லை. இன்னும் இரண்டு நொடி பிடித்துக்கொண்டிருந்தார், எண்ணி முடிக்கட்டும் என்று. அப்புறம் விட்டார்.

ஓரமாக நிறுத்தினதும் ஓரின் இறங்கி, புல் மேல் நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பினார்.

"மூணு" என்றார்.

"என்ன மூணு?"

"நொடிக்கு மூணு ஆட்டம். முன்பக்கத்துக் கோளாறா இருந்தா அது படபடன்னு அடிக்கும், எண்ணவே முடியாது. கைப்பிடி கையில நிக்காது. உங்க கைப்பிடி எப்படி இருந்துது?"

டெல்மர் யோசித்தார். இத்தனை பயத்தில் இதை யோசிக்கவே தோன்றவில்லை. "அது... சும்மாதான் இருந்துது. வண்டிதான் ஆடுச்சு."

"அதான். எண்ண முடியுது, அப்போ பின்னாடிதான். காலி வேகன் இப்படித்தான் ஆடும். ஐம்பது மைல் வரைக்கும் சாதுவாப் போகும், அதுக்கு மேல போனா சக்கரம் தண்டவாளத்துல இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு முட்டி முட்டி அலையும். நாங்க சக்கரத்தைக் குத்தம் சொல்ல மாட்டோம். சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற இடம் எங்கேயோ தேஞ்சு லூசாயிருக்கும், அதைத் தேடுவோம். சக்கரம் தப்பு பண்ணாது. பிடி விட்டுப்போச்சுன்னு சொல்லும்."

ஓரின் அவ்வளவு நீளமாகப் பேசி டெல்மர் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்லீன் காபி கொடுத்தாள். ஓரின் கோப்பையை வாங்கினார். வாங்கின வேகத்தில் அது தட்டில் கடகடவென்று ஆடி, காபி கை முழுக்கச் சிந்தியது. கார்லீன் கோப்பையை அவர் கையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஓரின் கையைத் துடைத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார்.

"அவருக்கு என்ன?" என்று டெல்மர் மெதுவாகக் கேட்டார்.

"பயம்" என்றாள் கார்லீன். "பத்தொன்பது வயசுல அவரோட அண்ணன் பைக்ல போய்ச் செத்துட்டான். அதுலேருந்து இவரு பைக்ல ஏறினதே இல்ல. இன்னிக்குத்தான்."

டெல்மர் காபியைக் குடிக்காமல் நின்றார். அந்த ஆட்டத்தின் நடுவில் தோளில் விழுந்த விரலை நினைத்தார். ஒரு தட்டுகூடத் தவறவில்லை. ஒன்றுகூட முன்னே பின்னே விழவில்லை. பயந்து போன மனுஷனுடைய விரல் அது!

காபிக்கடையில் தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்த வேலிக்கம்பம் ஞாபகம் வந்து, காது மடல் சூடாயிற்று.

கராஜில் ஓரின் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்விங் ஆர்ம் வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்திலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியிருந்தார். சேர்மானத்தின் மேல் இடது கை ஆள்காட்டி விரலைக் குறுக்காக வைத்தார்: விரலில் பாதி சட்டத்தின் மேல், பாதி ஆர்மின் மேல். கண்ணை மூடிக்கொண்டார்.

"சக்கரத்தைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் தள்ளுங்க. மெதுவா."

டெல்மர் தள்ளினார்.

"இன்னொரு தடவை."

தள்ளினார். அவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் கல் மாதிரி நின்றது.

"ஷாக் அப்சார்பர் பிடிச்சுக்கிட்டு இருக்கு, மறைக்குது. கீழ் போல்ட்டைக் கழட்டுங்க."

கழற்றிவிட்டுத் திரும்பவும் தள்ளினார். ஓரின் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அவர் சிரித்து டெல்மர் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"வாங்க, விரலை வைங்க."

இடம் மாறிக்கொண்டார்கள். ஓரின் சக்கரத்தைத் தள்ள, டெல்மரின் விரல் நுனியில் ஏதோ ஒன்று நகர்ந்தது. நகக்கண் அளவுகூட இல்லை. ஒரு காகிதத் தடிமன், அவ்வளவுதான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நேற்று தன்னைப் புல்லில் உட்காரவைத்தது இதுதானா!

"பைக் டயர் உருண்டையா இருக்கும், சாலை எப்படிச் சாஞ்சாலும் வழுக்கிக்கிட்டுப் போயிடும். இது தட்டை. சாலையோட ஒவ்வொரு மேடு பள்ளமும் இதைப் பக்கவாட்டுல தள்ளும். பிடி இறுக்கமா இருந்தா தள்ளினா தள்ளட்டும். லூசா இருந்தா..." ஓரின் கையை மீன் வால் மாதிரி ஆட்டிக் காட்டினார். பிறகு டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். அந்த இடத்தில் நாலு பள்ளம் வெட்டிய ஒரு நட் இருந்தது; ஆர்மைப் பிடிக்கும் போல்ட் திரும்பாதபடி பூட்டுகிற நட். பள்ளங்களின் ஓரமெல்லாம் உளி பட்ட தழும்பு.

ஓரின் டார்ச்சை அணைத்தார். "இதைத் திருகுறதுக்குன்னு தனி சாக்கெட் வேணும். கடையில சொல்லி வரவழைக்கணும்னா ஒரு வாரம்" என்றார். தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் அடித்தது என்று கேட்கவில்லை. பெரிய சாக்கெட் ஒன்றை டப்பாவிலிருந்து தேடியெடுத்து, நட்டின் மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார் டெல்மர்.

"ம்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி குளிர்காலத்துல அங்க கிரீஸ் போட்டேன். சாக்கெட் இல்ல. உளியை வச்சுச் சுத்தியால தட்டி டைட் பண்ணேன். போதும்னு நினைச்சேன்."

"கிரீஸ் போட்டீங்களே" என்றார் ஓரின். "முக்கால்வாசிப் பேரு அதையும் பண்றதில்ல. அதனாலதான் பேரிங் இன்னும் நல்லா இருக்கு."

நாற்பது நிமிஷம் கிரைண்டர் சத்தம் கேட்டது. ஓரின் அந்தச் சாக்கெட்டின் வாயை நாலு பல்லாக அறுத்தார். ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவி, நட்டில் வைத்துப் பார்த்து, எடுத்து, திரும்ப ராவி, இப்படி ஏழெட்டுத் தடவை. கடைசியில் அது கடையில் வாங்கினது மாதிரி 'க்ளக்' என்று உட்கார்ந்தது. டெல்மர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். வழக்கமாக யாராவது வேலை செய்தால் இப்படிப் பண்ணு அப்படிப் பண்ணு என்று சொல்லாமல் அவருக்கு இருக்க வராது. அன்று வாயைத் திறக்கத் தோன்றவில்லை. நெருப்புப்பொறி பட்ட சட்டையோடு, பெரிய காதைச் சாக்கெட்டின் பக்கம் சாய்த்து, கிரைண்டரின் சத்தம் மாறுவதைக் கேட்டே அந்த ஆள் எவ்வளவு அறுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தார். ஒரு கல்யாணக் கச்சேரியில் நல்ல பிடில்காரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது டெல்மருக்கு.

போல்ட்டை ஆட்டம் போகும்வரை மட்டும் இறுக்கி, அது திரும்பாமல் டெல்மர் பிடித்துக்கொள்ள, ஓரின் நட்டைப் பூட்டினார். திரும்பவும் விரலை வைத்துப் பார்த்தார்கள். அசைவில்லை.

டெல்மர் தனியாகப் போனார். எழுபத்திரண்டு, எழுபத்தாறு, எண்பது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. எண்பத்தைந்தில் எதிரே லாரி ஒன்று காற்றை அள்ளி வீசிவிட்டுப் போயிற்று. வண்டி ஒரு சின்ன அசைவோடு நேராகிக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் அவர் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது.

கராஜ் வாசலில் ஓரின் நின்றிருந்தார்.

"எண்பத்தஞ்சு! பாறை மாதிரி!"

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து?"

"மேற்கே... வலது பக்கம்."

"வரும்போதும் எண்பத்தஞ்சு போனீங்களா?"

"இல்ல, வரும்போது சும்மா..."

"அப்போ இன்னொரு தடவை. காத்து இடது பக்கம் அடிக்கணும். பெட்டிச் சாமானையும் ஏத்திக்குங்க. டயர்ல காத்தைத் திரும்ப நாற்பத்தொண்ணு வைங்க."

"ஐயா, எதுக்கு? சரியாயிடுச்சே!"

"நேத்து விழப் பாத்தப்போ எப்படி இருந்துதோ அப்படியே வச்சு ஓட்டினாத்தான் நாம தேடினது இதைத்தான்னு தெரியும். இல்லேன்னா காத்தைக் குறைச்சதால தப்பிச்சீங்களான்னு கொலராடோ வரைக்கும் சந்தேகம் இருக்கும்."

டெல்மர் அந்த ஒல்லி மனிதரைப் பார்த்தார். இந்த ஆள் நின்ற தண்டவாளத்தில் எத்தனை ஆயிரம் வேகன் பத்திரமாகப் போயிருக்கும் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டு நாற்பத்தொன்று வைத்தார், சாமான் ஏற்றினார், போனார். போகவும் எண்பத்தைந்து, வரவும் எண்பத்தைந்து. வண்டி அசையவில்லை. அப்புறம்தான் ஓரின் காற்றை முப்பத்து நாலுக்கு இறக்கச் சம்மதித்தார். "இதுதான் அதுக்குப் பிடிச்சிருக்கு. இருக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் டெல்மர் கிளம்பினார். ஓரின் பிக்கப்புக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தார். வாசலில் கார்லீன் மட்டும் இருந்தாள், இனிப்புச் சுருள் பொட்டலத்தோடு.

"நல்ல மனுஷன்" என்றார் டெல்மர்.

"தெரியும்."

"பதினொரு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ கேட்டாத்தானே! அவரு பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள நீ மூணு கதை சொல்லி முடிச்சிருப்பே." பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "எண்பத்தஞ்சுல போகாதே. போலீஸ்காரன் பிடிச்சா ஓரினை அனுப்ப மாட்டேன்."

பிக்கப் திரும்பி வந்தது. ஓரின் இறங்கி வந்து, வண்டியின் இடது பக்கம் குந்தி, பிளாஸ்டிக் மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். டெல்மர் கையை நீட்டினார். என்னென்னமோ சொல்லவேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"ஓரின்" என்றார்.

"ஐநூறு மைல் போனதும் நட்டை ஒரு தடவை பாத்துக்கிடுங்க" என்றார் ஓரின், கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே. சாக்கெட்டை ஒரு துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தார்.

கொலராடோவில் டெல்மர் நாலு நாள் இருந்தார். கார் டயர் போட்ட நூற்று எழுபது வண்டி வந்திருந்தன. ஆட்டத்தைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார், கோளாறு தன் கைவேலைதான் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்தச் சாக்கெட்டை இரண்டு பேர் இரவல் வாங்கித் தங்கள் வண்டியைச் சோதித்தார்கள். ஒருவருடையதில் கொஞ்சம் லூசு இருந்தது.

ஃப்ரீமன் காபிக்கடையில், திரும்பி வந்த அன்று, யாரோ கேட்டார்கள்: "வேலிக்கம்பம் எப்படி இருக்கு?"

டெல்மர் கோப்பையைக் கீழே வைத்தார். "அவரு பேரு ஓரின் குசேரா" என்றார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த டயர் முப்பத்தெட்டாயிரம் மைல் ஓடியது. இரண்டாவதும் கார் டயர்தான். அதை அலையன்ஸ் கராஜில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினார்கள். ஓரின் அளந்தார், டெல்மர் நெம்பினார். பேசினது முக்கால்வாசி டெல்மர்தான்.